இரண்டாம் தட்டில் ஒரு விலங்குக் காப்பகம்

‘ஆகஸ்ட், மூன்றாம் வாரம், வியாழக்கிழமை. கொடுத்தவர்: பாரிஸ் அக்கா. பொருள்: விளையாட்டுச் சாமான் பெட்டி, பெரியது, ஒன்று. பிரிக்காதது. நிலை: நன்று. இடம்: ஷோகேஸ், இரண்டாம் தட்டு.’

போன வருடத்து நோட்டில் என் கையெழுத்தில் உள்ள பதிவு இது. பணிக்காலம் முழுவதும் அரசு அலுவலகத்தில் பதிவேடு எழுதியவன் என்பதால், என் குறிப்பில் பிழை இருக்காது என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வளர்த்துவிட்டதில் எனக்கும் பங்கு உண்டு. மேலே உள்ள பதிவில் எல்லாம் இருக்கிறது. அந்தப் பெட்டி யாருக்காக வந்தது என்பது மட்டும்தான் இல்லை.

அது என் தம்பி மகளுக்காக வந்தது. அப்போது அவளுக்கு எட்டு வயது. வீடியோ அழைப்பில் தன் அத்தையிடம், அதாவது பாரிஸில் இருக்கும் என் அக்காவிடம், அவளே கேட்டு, பிரான்சுக் கடை ஒன்றின் படத்தைக் காட்டி, ‘இதேதான், வேற வேணாம்’ என்று மூன்று முறை உறுதிப்படுத்திக்கொண்டு வரவழைத்தது. சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கட்டைகளைப் பொருத்திக் கட்டும் செட். கட்டி முடித்தால், தெருவில் கைவிடப்பட்ட பிராணிகளுக்கான இரண்டு மாடிக் காப்பகம் ஒன்று வரும். மூடியில் படம் போட்டிருந்தது: காலில் கட்டுப் போட்ட நாய், தொட்டியில் குளிக்கும் பூனை, எதற்காகக் கைவிடப்பட்டது என்று விளங்காத ஓர் ஆமை, வெள்ளைக் கோட்டு போட்ட மருத்துவர் அம்மாள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆமை உட்பட.

பிராணி எதுவும் வாசற்படி தாண்டக் கூடாது என்று சட்டம் உள்ள வீடு எங்களுடையது. காப்பகத்துக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடைக்காது.

இங்கே எங்கள் குடும்பத்தின் நடைமுறையைச் சொல்லிவிட வேண்டும். பிரான்சிலிருந்து வரும் எதையும் நாங்கள் பயன்படுத்துவதில்லை. சென்ட் பாட்டிலின் மூடியைத் திறந்தால் அது சென்ட். திறக்காதவரை அது பிரான்ஸ். ஆகவே வந்த பொருள் ஷோகேசில் ஏறும். நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள். ஆறு மாதமோ எட்டு மாதமோ பார்த்தபின், பிறந்தநாள், பிள்ளைகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை, கல்யாணம் என்று ஏதாவது ஒரு விசேஷத்துக்கு அது பரிசாகப் புறப்பட்டுப் போகும். வாங்கியவர்களும் நாகரிகம் தெரிந்தவர்கள்தான், அவர்களும் பிரிப்பதில்லை. ஒரே ஒரு விதி: கொடுத்தவர் வீட்டுக்கே பொருள் திரும்பிப் போய்விடக் கூடாது. மற்றக் குடும்பங்கள் இதை ஞாபகசக்தியை நம்பிச் செய்து, பேச்சுவார்த்தை இல்லாமல் போயிருக்கின்றன. நாங்கள் நோட்டுப் போட்டுச் செய்கிறோம். நோட்டு என் பொறுப்பு.

பிள்ளை கேட்கத்தான் செய்தாள். பெட்டி வந்த அன்றே கேட்டாள். ‘பரீட்சை முடியட்டும்’ என்றாள் அவள் அம்மா. காலாண்டு முடிந்தது. ‘கிறிஸ்மஸுக்குப் பிரிச்சுக்கலாம்’ என்றோம். கிறிஸ்மஸுக்கு விருந்தாளிகள் வருவார்கள், ஷோகேஸ் வெறிச்சென்று இருக்கக் கூடாது என்பதால் அது ஈஸ்டருக்குத் தள்ளிப்போனது. ஈஸ்டர் ஏன் தள்ளிப்போனது என்பதற்கு என்னிடம் குறிப்பு இல்லை.

மே மாதம், ஒரு சனிக்கிழமை மாலை, தம்பி மனைவி கையில் பரிசுத் தாளோடும் செலோ டேப்போடும் வந்து நின்றாள். தம்பிக்கு வேலை சென்னையில். வீட்டு விசேஷங்களை அவளும் நோட்டுமாகத்தான் நடத்துகிறார்கள்.

“மாமா, நோட்டப் பாத்துச் சொல்லுங்க. பிரிக்காம எதுனா இருக்குதா? நாளைக்குக் குருசுக்குப்பத்துல புதுநன்ம. வெறுங்கையோட போவ முடியாது.”

“விளையாட்டுச் சாமான் பெட்டி ஒண்ணு இருக்கு. அக்கா குடுத்தது. அக்காவுக்கும் குருசுக்குப்பத்துக்கும் போக்குவரத்து கிடையாது. போகலாம்.”

“அது பாப்பாது இல்லியே?”

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தேன். “பாப்பா பேரு போடல” என்றேன்.

நோட்டில் இல்லை என்றால் இல்லை. தாள் சுற்றப்பட்டது. மறுநாள் பூசைக்குப் பிறகு பெட்டி குருசுக்குப்பம் போய்ச் சேர்ந்தது. புதுநன்மை எடுத்த பிள்ளை அதை வாங்கி அம்மாவிடம் கொடுத்தது. அம்மா அதைப் பீரோவுக்குள் வைத்தாள். எல்லாம் முறைப்படி நடந்தது.

திங்கட்கிழமை காலை கோடை விடுமுறை ஓவிய வகுப்புக்குக் கிளம்பும்போது தம்பி மகள் ஷோகேசின் முன்னால் நின்றாள்.

“பெரிப்பா, என் பெட்டி எங்க?”

“பத்திரமா இருக்குடா.”

“எங்க பத்திரமா?”

“இருக்கற எடத்துல.”

அவள் அழவில்லை. இரண்டாம் தட்டின் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தி, பெட்டி இருந்த இடத்தில் தூசியில்லாமல் விழுந்திருந்த நீள்சதுரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்த நீள்சதுரத்தில் அன்று மாலையே நான் ஒரு பீங்கான் வாத்தை வைத்தேன். மறுநாள் காலை வாத்து பின்னால் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. நான் நேராக வைத்தேன். அது மறுபடி திரும்பியது. ஜூன் முழுக்க இது நடந்தது.

ஜூலை பதினாலு, பிரான்சின் தேசிய நாள், எங்கள் ஊரிலும் பிரெஞ்சுக் கொடி ஏற்றும் நாள். அங்கே விடுமுறை என்பதால் அக்கா சாவகாசமாக ஒரு குரல்செய்தி அனுப்பினாள். தம்பி மனைவி அதை ஸ்பீக்கரில் போட்டாள். அது அவள் செய்த தப்பு.

“ஆகஸ்ட் பதிமூணு வந்து எறங்குறேன். மொத வேலையா பாப்பா கட்டின காப்பகத்தப் பாக்கணும். ரெண்டு நாள்ல கட்டிடலாம்னு கடைக்காரன் சொன்னான். ஒரு வருஷம் ஆச்சே, உள்ள இருக்கற பிராணிங்க குட்டியே போட்டிருக்கும்!”

தம்பி மனைவி என்னைப் பார்த்தாள். நான் நோட்டைப் பார்த்தேன். பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, போய் என் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“பத்திரமா இருக்குன்னியே பெரிப்பா. போய் எடுத்துட்டு வரலாம் வா.”

அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். சொல்லும்போது, குருசுக்குப்பம் என்பது ஒரு பாதுகாப்பு அறை என்பது போன்ற தொனியில் சொன்னதாக நினைவு.

குருசுக்குப்பத்து வீட்டுக்காரர் தம்பியோடு படித்தவர். மீன் ஏற்றுமதிக்கு ஐஸ் சப்ளை செய்கிறார். எங்களைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் எழுந்து வந்தார்.

“வாங்கண்ணே. அந்தப் பொட்டியா? சூப்பரா இருந்துச்சே!”

“இருந்துச்சா?”

“உள்ள வந்து உக்காருங்க, சொல்றேன்.” உட்கார்ந்தோம். குடிக்கக் கலர் வந்தது. அவர் மனைவி உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார்: “கருவடிக்குப்பத்துல எங்க அண்ணன் சாமியார வெச்சுப் புது வூடு மந்திரிச்சாங்க. நல்லதா எதுனா செய்ணும்ல? பிரான்ஸ் சாமானாச்சேன்னு அத்தக் குடுத்துட்டோம்.”

“பிரிச்சுப் பாத்தீங்களா?” என்றாள் பிள்ளை.

“ஐயய்யோ, நாங்க ஏம்மா பிரிக்கிறோம்?” என்றார் அவர், திருடினீர்களா என்று கேட்டுவிட்டது போல. புது வீட்டுக்குப் பிராணிக் காப்பகத்தைக் கொடுத்திருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. படத்தை யாரும் பார்க்கவில்லை. பெட்டியில் பிரெஞ்சு எழுத்து இருந்தது, அது போதும்.

வெளியே வந்தபோது கரையில் ஏற்றி வைத்திருந்த படகின் நிழலில் ஒரு சொறிநாய் படுத்திருந்தது. முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் நொண்டி வந்தது. பிள்ளை குனிந்தாள். “கிட்டப் போகாத, கடிக்கும்” என்று கையைப் பிடித்து இழுத்தேன். விலங்குக் காப்பகத்தைத் தேடிப் போகிற அவசரத்தில் இருந்தோம்.

கருவடிக்குப்பத்துக்கு அங்கேயிருந்தே போன் போட்டுவிட்டேன். பெட்டி அங்கேயும் இல்லை. அந்த வீட்டுப் பையன் பிரான்ஸ் போகப் பரீட்சை எழுதியிருந்தான். அவனுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த முதலியார்பேட்டை மதாமுக்கு நன்றிக் கடனாகப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார்கள். மதாம் என்று ஊரே கூப்பிடுவது ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையை. தனியாக இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். ஆறு வயது முதல் பத்து வயது வரை என்று பெட்டியில் போட்டிருந்ததை அவரிடம் கொடுக்கும்போது, கொடுத்தவர்களுக்கு எந்தக் கூச்சமும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆக, கைவிடப்பட்ட பிராணிகளுக்கான காப்பகம் இரண்டு மாதத்துக்குள் மூன்று வீடு மாறிவிட்டது. எங்கேயும் யாரும் அடிக்கவில்லை, விரட்டவில்லை. எல்லாரும் நல்ல மனிதர்கள்.

மதாமின் கூடத்தில் நுழைந்ததும் பிள்ளை என் கையை உதறிவிட்டு அவருடைய ஷோகேஸ் முன்னால் போய் நின்றாள். பெட்டி அங்கேயும் இரண்டாம் தட்டில்தான் இருந்தது.

“என்னுது” என்றாள்.

மதாம் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் நடந்ததைத் தேதிவாரியாகச் சொன்னேன். பாதியிலேயே கையை உயர்த்தி நிறுத்தினார்.

“குடுத்தத் திருப்பிக் கேக்க வந்துருக்கீங்க. அதான?”

“அப்படி இல்ல மதாம்…”

“அப்படித்தான். சரி, குடுத்தா எடுத்துட்டுப் போய் என்ன பண்ணுவீங்க?”

“பத்திரமா வெச்சுப்போம்.”

“அத நானே செய்றேனே முசியே. பத்திரமாத்தான் இருக்குது, பாருங்க.”

மதாம் பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

“நீ என்ன பண்ணுவ?”

“கட்டுவேன்.”

“எப்ப?”

“குடுத்தா இப்பவே. இங்கியே.”

மதாமின் முகத்தில் முதல் தடவையாக ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று எழுத ஆதாரம் போதாது. அவர் எழுந்து போய் பெட்டியின் பக்கவாட்டில் இருந்ததை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். ஒரு பிராணியை வீட்டுக்குக் கூட்டிப்போக வருகிறவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று குழந்தைகளுக்காக அதில் அச்சடித்திருந்ததாம். அது எங்கள் வீட்டுக்கு வந்து பதினோரு மாதத்தில், பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்த முதல் ஆள் அவர்தான்.

“இன்னிக்குக் குடுக்க மாட்டேன்” என்றார். “எம் மாணவன் குடுத்தது. இப்படிக் கையோட தூக்கிக் குடுத்தா அவனுக்கு மரியாத இல்ல. உனக்குப் பொறந்தநாள் எப்ப?”

“ஆகஸ்ட் பதினாறு.”

“அன்னிக்கு நானே கொண்டாந்து குடுக்குறேன். ஆனா எங் கண்ணு முன்னாடி பிரிக்கணும். அப்புறமான்னு யாராச்சும் சொன்னா திரும்ப எடுத்துட்டு வந்துடுவேன்.”

பிள்ளை என்னைக் கேட்காமலே கையை நீட்டினாள். இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அக்கா பதிமூன்றாம் தேதியே வந்துவிடுவாள், அதற்கு முன்னால் தந்தால் நல்லது என்று சொல்ல நான் வாயெடுத்தேன். சொன்னால், ஏன் என்று கேட்பார். வாயை மூடிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பிள்ளை ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து கேட்டாள்: “பெரிப்பா, மதாம் மறந்துட மாட்டாங்கல்ல?”

“மாட்டாங்க.”

“நீ எழுதி வெக்காத. நானே ஞாபகம் வெச்சுக்குறேன்.”

அதற்குப் பிறகு பதினாறாம் தேதி வரை ஒவ்வொரு நாளும் அவள் வாசலில் சாக்பீசால் ஒரு கோடு போட்டாள்.

அக்கா சொன்ன தேதிக்கு வந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டாள். “எங்க காப்பகம்?”

“ஸ்கூல்ல எக்ஸிபிஷனுக்குக் கேட்டாங்க அண்ணி” என்றாள் தம்பி மனைவி. “ரொம்ப நல்லா இருக்குன்னு அவங்களே வாங்கி வெச்சுக்கிட்டாங்க.”

“எப்பத் தருவாங்க?”

“பதினாறாந் தேதி” என்றேன் நான். பதினாறு, ஊர் பிரான்சிடமிருந்து சட்டப்படி கைமாறிய நாள், ஊருக்கே விடுமுறை, பள்ளிக்கூடம் இருக்காது என்பது சொல்லி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அக்காவுக்கும் வந்திருக்க வேண்டும். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பிள்ளை பொய் எதுவும் சொல்லவில்லை. அந்த மூன்று நாளும் அத்தையின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, கேட்டால் மட்டும் “வந்துடும் அத்த” என்றாள்.

பதினாறாம் தேதி மாலை. கூடம் நிறைய ஆட்கள். குருசுக்குப்பத்து ஐஸ்காரரும் மனைவியோடு வந்திருந்தார். பரிசாகக் கொண்டுவந்திருந்தது பிரிக்காத ஒரு டின்னர் செட். நான் நோட்டில் ஏற்றினேன். பிறந்தநாள் கேக்கை, எங்கள் பேச்சில் கதோவை, வெட்டி முடித்து, துண்டுகளைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மதாம் இறங்கினார். பெட்டிக்குத் தாள்கூடச் சுற்றவில்லை, இடுப்பில் குழந்தையை வைத்திருப்பது போலப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே வந்தார்.

“போன் அன்னிவர்சேர்” என்று பிரெஞ்சில் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிப் பிள்ளையிடம் கொடுத்தார். “பிரி.”

எங்கள் வீட்டில் விருந்தாளி முன்னால் பரிசைப் பிரிப்பது, விருந்தாளி முன்னால் கொட்டாவி விடுவதைவிடக் கேவலம். தம்பி மனைவி ஓடிவந்தாள்.

“அப்புறமா பிரிக்கட்டும் மதாம். முதல்ல கதோ சாப்புடுங்க.”

“கதோ எங்கியும் ஓடிடாது” என்றார் மதாம்.

இதற்குள் அக்கா பெட்டியைக் குனிந்து பார்த்துவிட்டாள். அடியைத் திருப்பினாள். விலைச்சீட்டை அவள் எப்போதும் நகத்தால் பாதி சுரண்டி, அலுத்துப்போய் விட்டுவிடுவாள். அந்தப் பாதிச் சீட்டு அப்படியே இருந்தது.

“ஏண்டா” என்று என்னைப் பார்த்தாள். “எக்ஸிபிஷன் முடிஞ்சுதா?”

ஐஸ்காரர் டின்னர் செட்டின் மேல் கண்ணை வைத்துக்கொண்டார். ஏதாவது சொல்லியாக வேண்டும் என்பதால் நான் பெட்டி போன வழியைச் சொன்னேன், மாதவாரியாக. கருவடிக்குப்பத்துக்கு வரும்போது அக்காவின் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

“நீங்க வருஷா வருஷம் அனுப்புற குத்துவெளக்க நான் மட்டும் என்ன பண்றேன்னு நெனைக்கிற?” என்றாள், சிரிப்பை நிறுத்திவிட்டு. “எங்க பில்டிங்ல வெளக்கு இல்லாத வெள்ளக்காரன் வூடே கெடையாது.”

அவள் சிரித்ததில் மற்றவர்களுக்கும் தைரியம் வந்து, எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. இந்தச் சத்தத்தில் தன் விஷயம் மறுபடி ‘அப்புறமா’ ஆகிவிடுமோ என்று அவளுக்குப் பயம். பெட்டியைத் தரையில் வைத்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள். மேல்மூடியைத் தொடவே இல்லை. அடிப்பக்கத்து ஒட்டுத்தாள் இழுத்ததும் கையோடு வந்துவிட்டது.

உள்ளே நான்கு பைகள். மூன்று, தொழிற்சாலையில் ஒட்டியபடியே இருந்தன. முதல் பை மட்டும் கத்தரியால் ஒழுங்காக வெட்டப்பட்டு, துணி காயப்போடும் கிளிப்பால் மூடியிருந்தது. அதற்குள் காப்பகத்தின் முன்சுவர், கதவு வைத்து, ஜன்னல் வைத்து, கட்டி முடிந்த நிலையில் இருந்தது.

“நாங்க பிரிக்கவே இல்ல” என்றார் ஐஸ்காரர், யாரும் கேட்பதற்கு முன்னால்.

“படிச்சதோட சரி” என்றார் மதாம்.

“கடையில சீலோட வாங்கினேன்” என்றாள் அக்கா. தம்பி மனைவி என்னைப் பார்த்தாள். நான் நோட்டைக் கொண்டுவந்து காட்டினேன். பிரிக்காதது என்று தெளிவாக எழுதியிருந்தது. அதை யாரும் மதிக்கவில்லை.

பிள்ளை அதற்குள் இரண்டாவது பையைப் பிரித்துவிட்டாள். விருந்தாளிகள் அவளைச் சுற்றித் தாண்டித் தாண்டிப் போய்ப் பிரியாணி எடுத்துக்கொண்டார்கள். மதாம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பரீட்சை அறையில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்தார். முதல் தளம் நின்றது, கூண்டுகள் வந்தன, பூனையின் தொட்டி வந்தது.

“புக்கப் பாத்துக் கட்டுடி” என்றாள் அக்கா. வழிமுறைப் புத்தகம் பெட்டியிலேயே கிடந்தது.

“இது வரைக்கும் தெரியும் அத்த.”

“எப்படித் தெரியும்?”

“மூடியில படம் இருக்குல்ல?” என்றாள் அவள். மாடிக்கு வந்தபோது புத்தகத்தை எடுத்து விரித்துக்கொண்டாள்.

எட்டு மணிக்கு முன்னால் மருத்துவர் அம்மாள் தன் மேசைக்குப் பின்னால் நின்றாள். மதாம் எழுந்து, காப்பகத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்து, “பியேன், நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டு அதன்பிறகுதான் கதோவைக் கையில் எடுத்தார். அவர் போனபின் தம்பி மனைவி அதை ஷோகேசில் வைக்கலாம் என்று தொடங்கினாள். பிள்ளை அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். காப்பகம் இப்போதும் கூடத்துத் தரையில்தான் இருக்கிறது. கால் வைக்க இடமில்லை. அதிலிருந்து ஆமை மட்டும் வாரத்துக்கு இரண்டு முறை தொலைகிறது.

இந்தக் குறிப்பை எழுதுவதற்காக எல்லாரையும் தனித்தனியாக விசாரித்தேன். கருவடிக்குப்பத்தில் ‘சத்தியமா இல்ல’ என்றார்கள். அக்கா விமான நிலையத்திலிருந்துகூட ஒரு முறை மறுத்தாள். எங்கள் ஷோகேஸ் சாவி நிலைக்கதவு ஆணியில் தொங்குகிறது, எட்டு வயதுக்கு எட்டும் உயரம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவர்கள் எல்லாரும் இரண்டு மணி நேரம் தூங்குகிறோம். அந்த மாதிரிக் கிளிப் எங்கள் மொட்டை மாடிக் கொடியில் இருக்கிறது. குருசுக்குப்பத்துக் கொடியிலும் இருக்கிறது, போய்ப் பார்த்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நேராகவே கேட்டேன்.

“நீயா பிரிச்ச?”

“பிரிச்சிருந்தா என்ன பண்ணுவ பெரிப்பா?”

“எழுதி வெப்பேன்.”

“அப்ப சொல்ல மாட்டேன்” என்றாள், காப்பகத்து நாயின் காலில் இருந்த கட்டைப் பிரித்து மாற்றிக்கொண்டே.

ஆகவே, அந்த முதல் பையை வெட்டியது யார், எந்த மாதம், எந்த வீட்டில் என்பது இந்தக் குறிப்பை எழுதும் நாள்வரை உறுதிசெய்யப்படவில்லை.